புது இன்டர்கூலர் வந்தது, பூஸ்ட் எங்கே போனது?

டர்போ அழுத்தி அனுப்பும் காற்றை எஞ்சினுக்குள் போகுமுன் குளிரவைக்கும் பெட்டிதான் இன்டர்கூலர். பழையதைக் கழற்றிவிட்டு, அதைவிட இரண்டு மடங்கு தடிமனான ஒன்றைப் பொருத்தியாகிவிட்டது. பம்பரையும் திரும்ப மாட்டியாகிவிட்டது. ஆவலோடு வண்டியை எடுத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், முன்பிருந்த இழுவைகூட இல்லை. பூஸ்டை, அதாவது டர்போ காற்றுக்குக் கூட்டும் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரின் முள் வழக்கமாகத் தொடும் எண்ணுக்குப் பாதி வழியிலேயே களைத்து நின்றுவிடுகிறது. முன்பக்கத்திலிருந்து "உஸ்" என்று ஒரு சீற்றம் வேறு. வாங்கிய பொருள் மட்டம், இல்லையென்றால் டர்போ போய்விட்டது என்ற முடிவுக்கு மனம் உடனே தாவும்.

பெரும்பாலும் இரண்டுமே இல்லை. டர்போ நேற்றுவரை நன்றாகத்தான் சுழன்றது. இன்டர்கூலரோ அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத அலுமினியப் பெட்டி. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாறியவை நம் கை பட்ட இடங்கள்: கழற்றிய குழாய்கள், அவற்றைப் பிடிக்க இறுக்கிய உலோகப் பட்டைகளான கிளாம்புகள், பிடுங்கிச் செருகிய சென்சார், பம்பரை இழுக்கும்போது தெரியாமல் இடித்துவிட்ட சின்ன ரப்பர்க் குழாய். தேடலை அங்கே தொடங்கினால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கிளாம்பையும் இன்னும் ஒரு சுற்று இறுக்குவது தேடல் ஆகாது. காற்று எந்த வழியாகப் போகிறது, எங்கே அளக்கப்படுகிறது என்று தெரிந்தால்தான் எதைத் தேடுகிறோம் என்பது புரியும்.

காற்று போகும் வழி

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது, அது டர்பைன். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், அது கம்ப்ரஸர். இரண்டும் சேர்ந்ததுதான் டர்போ. வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் திணிப்பது அதன் வேலை. கார் டர்போக்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைச் சாதாரணமாகத் தாண்டும். வீணாகப் போகும் புகையிடம் இப்படி வேலை வாங்கலாம் என்ற யோசனைக்கு சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஷி 1905-இல் காப்புரிமை பெற்றார். பொதுமக்களுக்கு விற்கப்பட்ட கார்களில் டர்போ வந்தது 1962-இல்தான். அந்த ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரில் இன்டர்கூலர் கிடையாது. சூட்டில் பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடித்து எஞ்சின் தட்டாமல் இருப்பதற்காகத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித் தொட்டியிலிருந்து எடுத்து, உள்ளே போகும் காற்றோடு கலந்தார்கள். அந்தத் தொட்டி காலியானால் வண்டி தானாகவே பூஸ்டைக் குறைத்துக்கொள்ளும். திரவத்தை நிரப்ப மறந்தவர்களின் வண்டியில் இழுவை குறைந்தது. பூஸ்ட் இல்லை என்ற புகாருக்கும் டர்போ காருக்கும் ஒரே வயது.

இப்படி ஒரு திரவம் ஏன் தேவைப்பட்டது? காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்றை, 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸர் ஒன்று இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் அது ஏறத்தாழ 120 டிகிரியில் வெளியே வரும். சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அதே சிலிண்டருக்குள் குறைவான காற்றுதான் போகும். அதனால்தான் கம்ப்ரஸருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரேடியேட்டர் போன்ற ஒரு பெட்டியை வைக்கிறார்கள். அந்த 120 டிகிரிக் காற்றை இன்டர்கூலர் 50 டிகிரிக்குக் குளிரவைத்தால், அழுத்தம் மாறாமலேயே ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான காற்று எஞ்சினுக்குக் கிடைக்கிறது. பெரிய இன்டர்கூலர் வாங்குவதே இதற்காகத்தான்.

மீட்டர் காட்டுவது எதை?

பூஸ்ட் மீட்டர் அழுத்தத்தைத்தான் காட்டுகிறது, காற்றின் அளவை அல்ல. இதை விளங்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். குளிர்ந்த காற்று சுருங்கும். கம்ப்ரஸர் அனுப்பும் காற்று முன்பு போலவே இருந்து, அது எஞ்சினுக்கு வரும்போது இன்னும் குளிர்ந்திருந்தால், மீட்டரின் முள் சற்றுக் கீழே இருக்கும். எஞ்சினுக்குப் போகும் காற்று அப்போது குறைவதில்லை. ஆகவே 1 பார் காட்டிய மீட்டர் இப்போது 0.95 காட்டுகிறது, வண்டி முன்பைவிட நன்றாக இழுக்கிறது என்றால், அது நோயே அல்ல. பம்பரைக் கழற்றாதீர்கள்.

எங்கே அளக்கிறோம் என்பதும் முக்கியம். எந்த இன்டர்கூலரும் காற்றுக்குக் கொஞ்சம் தடைதான். உள்ளே நுழையும் அழுத்தத்துக்கும் வெளியே வரும் அழுத்தத்துக்கும் வித்தியாசம் இருக்கும். முழு வேகத்தில் அது 0.1 பார் அளவில் இருந்தால் கவலை இல்லை; 0.2 பாரைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். மீட்டர் எஞ்சின் பக்கத்தில் இருக்கிறதா, டர்போ பக்கத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒரே வண்டி இரண்டு எண்களைச் சொல்லும்.

இன்னொரு குழப்பம் அலகில் வருகிறது. கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே 101.3 கிலோபாஸ்கல், ஏறத்தாழ 1 பார், 14.7 பி.எஸ்.ஐ. டாஷ்போர்டில் மாட்டும் மீட்டர் இதைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு அதற்கு மேலே உள்ளதை மட்டும் காட்டும். வண்டியின் கணினியோ இதையும் சேர்த்தே கணக்கிடும். அந்தக் கணினியோடு இணைத்து எண்களைப் படிக்கும் ஸ்கேன் கருவியில் 180 கிலோபாஸ்கல் என்று வந்தால் பூஸ்ட் 0.8 பார் அளவுதான். மலைமேல் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் ஒரே பூஸ்டுக்கு இரண்டு கருவிகளும் அங்கே வேறு கணக்குச் சொல்லும். மாற்றத்துக்கு முன்பு எந்த எண்ணைப் பார்த்தோம், இப்போது எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாத குறையைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவர்கள் உண்டு.

எண் உண்மையாகவே விழுந்திருக்கிறது, வண்டியும் இழுக்கவில்லை என்றால் மூன்று சாத்தியங்கள் இருக்கின்றன. காற்று வழியில் கசிகிறது. அல்லது வழியில் அடைபட்டு நிற்கிறது. அல்லது டர்போவுக்குப் போகும் கட்டளையே தவறிவிட்டது. கசிவுதான் முதல் சந்தேகத்துக்குரியது. அதற்கே அதிக இடம் ஒதுக்குகிறேன்.

கசிவு

இன்டர்கூலரை மாற்றும்போது குறைந்தது இரண்டு இணைப்புகளைக் கழற்றி மாட்டுகிறோம். குழாய்களையும் மாற்றினால் ஆறு, எட்டு என்று எண்ணிக்கை ஏறும். அவை ஒவ்வொன்றும் தாங்க வேண்டிய விசை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். 63 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயின் வாய்ப்பரப்பு 31 சதுர சென்டிமீட்டர். 1 பார் பூஸ்டில் அந்தப் பரப்பின்மேல் ஏறத்தாழ 32 கிலோ எடைக்குச் சமமான விசை விழுகிறது. வளைவு உள்ள இடத்தில் இந்த விசை ரப்பர் ஹோஸைக் குழாயிலிருந்து உருவ முயல்கிறது. ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையில் மூன்றில் இரண்டு பங்கு எடை அதைப் பிடித்து இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் செருகி ஸ்குரூடிரைவரால் இரண்டு திருகு திருகிய கிளாம்ப் இதற்கு ஈடுகொடுக்காது.

குழாய் முனையைச் சுற்றி ஒரு சிறிய மேடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹோஸ் நழுவாமல் தடுக்கும் வரம்பு அது. ஹோஸ் அந்த வரம்பைத் தாண்டி உள்ளே போக வேண்டும். கிளாம்ப் வரம்புக்கு அந்தப் பக்கம், அதாவது குழாய் முனையிலிருந்து தள்ளி உட்கார வேண்டும். வரம்பின் மேலேயே கிளாம்பை வைத்து இறுக்கினால் பார்வைக்குக் கச்சிதமாக இருக்கும், ஒரே ஓட்டத்தில் நழுவிவிடும். வரம்பே இல்லாத வழவழப்பான குழாயை விற்கிறார்கள் என்றால் அதை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

எண்ணெயும் எதிரிதான். டர்போ வண்டிகளின் காற்றுக் குழாய்க்குள் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு; எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து வரும் ஆவி அங்கே படிகிறது. பழைய குழாயைத் துடைக்காமல் புது சிலிக்கான் ஹோஸை ஏற்றினால், எண்ணெய் தடவிய விரலில் மோதிரம் நிற்காததுபோல அது நழுவும். பிரேக் கிளீனர் போட்டு இரண்டு பக்கமும் துடைத்து, உலர்ந்த பிறகு மாட்டுங்கள். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைக் குழாய் முனையில் லேசாக அடித்துவிட்டு ஹோஸை ஏற்றும் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஈரமாக இருக்கும்போது வழுக்கி ஏறும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். கேட்கும்போது சிரிப்பு வரும், ஆனால் வேலை செய்கிறது.

அதே எண்ணெய் துப்பறிய உதவவும் செய்யும். கசியும் இடத்தில் எண்ணெய் ஆவியும் சேர்ந்து வெளியேறி, தூசியைப் பிடித்துக்கொண்டு கறுப்பாகப் படியும். நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு எந்த இணைப்பின் ஓரம் மட்டும் ஈரமாகக் கறுத்திருக்கிறதோ, அங்கே முதலில் பாருங்கள்.

கிளாம்பிலும் வகை உண்டு. பட்டையில் வரிசையாகத் துளையிட்ட சாதாரண திருகு கிளாம்ப், மென்மையான சிலிக்கானை அந்தத் துளைகளின் வழியே துருவிவிடும். டீ-போல்ட் கிளாம்ப் பட்டையைச் சீராக இறுக்கும். ஆனால் அதையும் முரட்டுத்தனமாக இறுக்கினால் ஹோஸ் வெட்டுப்படும். தொழிற்சாலையிலிருந்து வரும் பல வண்டிகளில் கிளாம்பே இருக்காது. ஒரு கம்பி வளையத்தை அழுத்தினால் "கிளிக்" என்று பூட்டிக்கொள்ளும் இணைப்பு இருக்கும். அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் மடிந்தாலோ கிழிந்தாலோ பூட்டு சரியாக விழுந்தும் காற்று ஒழுகும். கழற்றிய பிறகு அந்த வளையத்தை மாற்றிவிடுவதே நல்லது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் பின்னால் வரும் சோதனையில் வாசகர் சோப்பு நுரையைப் பார்த்துப் பயந்துவிடுவார். 3 மி.மீ. துளை ஒன்றிலிருந்து 1 பார் பூஸ்டில் வெளியேறும் காற்று, 2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் உறிஞ்சும் காற்றில் தோராயமாக இரண்டு, மூன்று சதவீதம்தான். டர்போ இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழன்று அதை ஈடுகட்டிவிடும். பூஸ்ட் பாதியாக விழுந்திருக்கிறது என்றால் நாம் தேடுவது ஊசித்துளையை அல்ல. நழுவிய ஹோஸை, கிழிந்த வாயை, திறந்தே கிடக்கும் வால்வைத் தேடுகிறோம். ஆனாலும் சிறு கசிவை அப்படியே விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. ஈடுகட்டுவதற்காக டர்போ தன் எல்லைக்கு மேல் சுழன்றுகொண்டே இருந்தால் அதன் ஆயுள் குறையும்.

கசிவு எஞ்சினில் காட்டும் அடையாளம் வண்டிக்கு வண்டி மாறும். காற்றின் அளவை ஃபில்டருக்குப் பக்கத்திலேயே சென்சார் வைத்து அளக்கும் பெட்ரோல் வண்டியில், அளந்து முடித்த காற்று வழியில் வெளியேறுகிறது. கணினி பழைய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றுகிறது. கலவையில் பெட்ரோல் மிகுந்து, வாசனை வரும், தயங்கும். காற்றின் அழுத்தத்தை எஞ்சின் வாயிலில் அளந்து பெட்ரோலைக் கணக்கிடும் வண்டியில் கலவை சரியாகவே இருக்கும். இழுவை மட்டும் இருக்காது. டீசல் என்றால் பின்னால் வருபவர் கரும்புகையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

காற்றை வெளியே விடும் வால்வு

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சினின் காற்று வாயிலில் உள்ள கதவான த்ராட்டில் மூடிக்கொள்கிறது. டர்போ அனுப்பிய காற்றுக்குப் போக இடமில்லை. அது திரும்பி வந்து கம்ப்ரஸரை அடிக்காமல் இருக்க, பெட்ரோல் வண்டிகளில் ஒரு வால்வு திறந்து காற்றை வெளியே விடும் அல்லது டர்போவின் வாய்க்கே திருப்பி அனுப்பும். புது இன்டர்கூலருடன் வரும் குழாய்த் தொகுப்புகளில் இந்த வால்வுக்கான இடம் பெரும்பாலும் மாறியிருக்கும். அதனால் இதுவும் கை பட்ட இடம்.

இதன் இயக்கம் எளிது, அழகானதும்கூட. வால்வின் ஒரு பக்கத்தைப் பூஸ்ட் காற்று தள்ளுகிறது. மறுபக்கத்தில் ஒரு ஸ்பிரிங். அதோடு எஞ்சின் வாயிலிலிருந்து ஒரு சிறு குழாய் வழியாக வரும் அழுத்தம். மிதிக்கும்போது இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அழுத்தம் என்பதால் ஸ்பிரிங் வென்று வால்வு மூடியிருக்கும். இப்போது அந்தச் சிறு குழாயை மாட்ட மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் தனியாகப் பூஸ்டை எதிர்க்க வேண்டும். கொஞ்சம் ஏறியதும் தோற்றுவிடும். வால்வு திறந்து, காற்றெல்லாம் வெளியே போகும். பூஸ்ட் ஒரு குறிப்பிட்ட எண் வரை நன்றாக ஏறி, அதற்கு மேல் சுவரில் முட்டியதுபோல நின்றால் இந்தச் சிறு குழாயைத் தேடுங்கள். கழன்றிருக்கலாம், வெடித்திருக்கலாம், வேறு எதிலாவது செருகப்பட்டிருக்கலாம். வால்வு அமரும் கேஸ்கட்டையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அழுத்திப் பார்க்கும் சோதனை

பஞ்சரான டியூபைக் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வருமே, அதே தத்துவம்தான். எஞ்சின் நின்றிருக்க, டர்போவின் காற்று வாயை ஒரு மூடியால் அடைத்து, அதன் வழியாகக் காற்றை உள்ளே செலுத்தி, எங்கே வெளியேறுகிறது என்று பார்க்கிறோம். இந்த மூடி கடையில் கிடைக்கும். பிளாஸ்டிக் குழாய் மூடியில் டயர் வால்வு பொருத்தி வீட்டிலும் செய்யலாம்.

வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். உள்ளே போகும் காற்று பிஸ்டனைத் தள்ளி எஞ்சினைத் திருப்பக்கூடும். கியரில் இருந்தால் வண்டி நகரும். எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து காற்றுக் குழாய்க்கு வரும் ஆவிக் குழாயை அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் காற்று எஞ்சினின் வயிற்றுக்குள் புகுந்து எண்ணெய்ச் சீல்களைத் தள்ளிவிடும். காற்றடிக்கும் கம்ப்ரஸர் இயந்திரத்துக்கு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கட்டாயம். 0.3 பாரில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். வண்டியின் வழக்கமான பூஸ்டைத் தாண்ட வேண்டாம். சரியாக இறுகாத மூடி பீரங்கிக் குண்டுபோலப் பறக்கும். அதற்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். சோதனை முடிந்ததும் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றிய பிறகே மூடியைத் தொடுங்கள்.

பிறகு காதால் தேடுங்கள், கையால் தேடுங்கள், கடைசியில் சோப்புத் தண்ணீரால் தேடுங்கள். ஹோஸ்களை அசைத்துப் பாருங்கள். ஓடும்போது எஞ்சின் முறுக்கிக்கொள்ளும். நின்றிருக்கும்போது மூடியிருக்கும் கிழிசல் அப்போது வாய் திறக்கும். ஹோஸின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ரேடியேட்டர் விசிறியிலோ பம்பரின் இரும்பிலோ உரசிய இடம் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் இருக்கும். இன்டர்கூலரின் பக்கத் தொட்டிகள் பற்றவைக்கப்பட்ட இடம், சென்சார் செருகிய துளை, அதன் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். புகைக்குழாயிலும் எண்ணெய் ஊற்றும் வாயிலும் மெல்லிய சத்தம் கேட்டால் பதற வேண்டாம். திறந்திருக்கும் ஏதோ ஒரு வால்வின் வழியாகவும் டர்போவின் தண்டு ஓரமாகவும் கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும்.

புகை விட்டுச் சோதிக்கும் கருவிகளும் உண்டு. அவை மிகக் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்வதால், பெரிய ஓட்டையைக் காட்டும், 0.8 பாரில் மட்டும் வாய் திறக்கும் ஹோஸைக் காட்டாது. புகைச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள் என்பதற்காகக் கசிவு இல்லை என்று எழுதி வைத்துவிடாதீர்கள்.

அடைப்பு

கசிவு இல்லை, சீற்றம் இல்லை, ஆனாலும் வண்டி மூச்சுத் திணறுகிறது. எனக்கு நேர்ந்தது இதுதான். இரண்டு நாள் எல்லா இணைப்புகளையும் சோதித்துவிட்டு, மூன்றாம் நாள் குழாயைக் கழற்றினால், தூசி விழாமல் இருக்க நானே திணித்து வைத்த பழைய துணி இன்டர்கூலரின் வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. யாரைக் குறை சொல்ல? இப்போதெல்லாம் வால் போல ஒரு முழம் வெளியே தொங்கும் துணியைத்தான் வைக்கிறேன். புது இன்டர்கூலருடன் வரும் பிளாஸ்டிக் மூடிகளும் பஞ்சுத் துண்டுகளும் இதே வேலையைச் செய்யும். மட்டமான ஹோஸின் உள்படலம் உரிந்து தொங்குவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் புத்தம் புதிது.

இன்டர்கூலரே தடையாக இருக்கிறதா என்று அறிய இரண்டு இடத்தில் அழுத்தத்தை அளக்க வேண்டும்: உள்ளே நுழையும் பக்கம், வெளியே வரும் பக்கம். ஒரே சுற்று, ஒரே சுமையில் வித்தியாசத்தைக் குறியுங்கள். சாலையில் ஓட்டிக்கொண்டே மீட்டரைப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறிக்கட்டும், அல்லது வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் டைனோ இயந்திரத்தில் செய்யுங்கள்.

இதில் நுணுக்கம் ஒன்று உண்டு. பூஸ்ட் எல்லை மீறாமல் இருக்க, புகையில் ஒரு பகுதியை டர்பைனைச் சுற்றித் திருப்பிவிடும் கதவு வேஸ்ட்கேட். பல வண்டிகளில் அதைத் திறக்கும் அழுத்தம் கம்ப்ரஸரின் வாயிலேயே, இன்டர்கூலருக்கு முன்பே எடுக்கப்படுகிறது. அங்கே 0.7 பார் வந்ததும் கதவு திறக்கும் என்று வைத்துக்கொள்வோம். பழைய இன்டர்கூலர் 0.1 பாரைத் தின்றது, எஞ்சினுக்கு 0.6 கிடைத்தது. புதியது அடர்த்தியான துடுப்புகளோடு 0.2 பாரைத் தின்றால் எஞ்சினுக்கு 0.5 தான். எதுவும் கெடவில்லை, எதுவும் கசியவில்லை, பூஸ்ட் மட்டும் குறைந்துவிட்டது. தடிமனாக இருந்தால் நல்லது என்று நினைத்து வாங்கியதன் பலன். நல்ல இன்டர்கூலரைப் பொருத்தினால் இதே ஏற்பாடு எதிர்த்திசையில் வேலை செய்து, எஞ்சின் பக்கம் பூஸ்ட் சற்று ஏறும்.

கட்டளை

வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சிறு குழாய்கள் பென்சில் தடிமன்தான் இருக்கும். பம்பரும் ஃபில்டர் பெட்டியும் கழன்று வரும்போது அவற்றில் ஒன்று உருவிக்கொண்டு வருவது சாதாரணம். பழைய ரப்பர் என்றால் தொட்டாலே வெடிக்கும். இரண்டு குழாய்களை மாற்றி மாட்டிவிட்டாலும் கதவு தவறான நேரத்தில் திறக்கும். பூஸ்ட் மீட்டருக்காகப் பிரித்த, மூன்று வாயுள்ள டீ-இணைப்பையும் மறக்காதீர்கள்.

சென்சாரைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேன் கருவியில் அழுத்தத்தைப் பாருங்கள். வெளிக்காற்றின் அழுத்தம்தான் வர வேண்டும். கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் 100 கிலோபாஸ்கல் அளவு. 70 என்றோ 130 என்றோ வந்தால் சென்சாரோ அதன் வயரோ பொய் சொல்கிறது.

ஸ்கேன் கருவியில் கணினி கேட்ட பூஸ்ட், உண்மையில் கிடைத்த பூஸ்ட் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பதிவு செய்தால் நோயின் திசை தெரிந்துவிடும். கேட்டது 180 கிலோபாஸ்கல், கிடைத்தது 140 என்றால் கசிவு, அடைப்பு, மூடாத வேஸ்ட்கேட் ஆகியவற்றில் ஒன்று. பி0299 என்ற பிழைக் குறியீடு வருவது இந்த நிலையில்தான். பூஸ்ட் போதவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை, டர்போவை மாற்று என்று அது சொல்லவே இல்லை. கேட்டதே 140 என்றால் குழாய்களை விட்டுவிடுங்கள். கணினி ஏதோ காரணத்தால் தானே அடக்கி வாசிக்கிறது. காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார் தவறாகச் சொல்லலாம். ரேடியேட்டருக்கு முன்னால் புது இன்டர்கூலர் மறைத்து நிற்பதால் எஞ்சின் சூடேறலாம். முந்தைய பிழைக் குறியீடு அழிக்கப்படாமல் வண்டி பாதுகாப்பு நிலையிலேயே இருக்கலாம்.

பெரிய இன்டர்கூலர் என்றால் பூஸ்ட் தாமதமாகத்தான் வரும், அதை நிரப்ப நேரம் வேண்டாமா என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 லிட்டர் எஞ்சின் 3000 சுற்றில் நிமிடத்துக்கு 3000 லிட்டர், விநாடிக்கு 50 லிட்டர் காற்றை விழுங்குகிறது. புது இன்டர்கூலரும் குழாய்களும் சேர்ந்து 5 லிட்டர் கூடுதல் கொள்ளளவு என்றாலும், அதை 1 பாருக்கு நிரப்ப ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி போதும். பூஸ்ட் இரண்டு விநாடி தாமதமாக வருகிறது என்றால் அது கொள்ளளவு அல்ல. சோப்புத் தண்ணீரை எடுங்கள்.

குறை கிடைத்துச் சரிசெய்த பிறகு, குறியீட்டை அழித்துவிட்டு அதே சாலையில், அதே கியரில் இன்னொரு பதிவு எடுத்து முந்தையதோடு ஒப்பிடுங்கள். சிலிக்கான் ஹோஸ்கள் சூடாகி ஆறும்போது கொஞ்சம் அமுங்கும். ஆகவே முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, எஞ்சின் முழுவதும் குளிர்ந்ததும், கிளாம்புகளை ஒரு முறை தொட்டுப் பார்த்து, தளர்ந்ததை மட்டும் இறுக்குங்கள்.